ஓம்புயிரியின் பெயரால்: டி.என்.ஏ. வைரஸ்களை வகைப்படுத்திய வரலாறு

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய மூன்று நோய்களையும் தமிழ் வழக்கு ‘அம்மை’ என்னும் ஒரே சொல்லின் கீழ் வைத்திருக்கிறது. காய்ச்சலோடு உடலெங்கும் தடிப்போ முத்தோ எழும்புவதும், வாசலில் வேப்பிலை செருகி நோயாளியைத் தனியே கிடத்துவதும், தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை மாரியம்மனை வேண்டிக் காத்திருப்பதும் மூன்றுக்கும் பொதுவாக இருந்தமையால் அந்த வழக்கு உருவாயிற்று. இன்றைய வைரஸியலோ இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு குடும்பங்களில் வைக்கிறது. பெரியம்மை வைரஸ் பாக்ஸ் குடும்பத்தையும் சின்னம்மை வைரஸ் ஹெர்பீஸ் குடும்பத்தையும் சேர்ந்தவை, இவ்விரண்டும் டி.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்டவை என்பதற்கு மேல் நெருங்கிய உறவு அற்றவை. தட்டம்மை வைரஸ் ஆர்.என்.ஏ.வைக் கொண்ட முற்றிலும் வேறான கூட்டத்தைச் சேர்ந்தது. இதற்கு மாறாக, தமிழ் வழக்கு தனித்தனியே பெயரிட்டுப் பிரித்து வைத்த சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் இரு தோற்றங்களாகும். சிறு வயதில் சின்னம்மையாக வந்து போன வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் எதிர்ப்பாற்றல் தளரும்போதோ அக்கியாக வெளிப்படுகிறது. இந்த உறவைப் புடாபெஸ்ட் நகர மருத்துவர் யானோஷ் போகாய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊகித்தார் எனினும், 1950களில் தாமஸ் வெல்லர் இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரஸை எடுத்து வளர்த்துக் காட்டிய பிறகே அது ஐயமின்றி நிலைபெற்றது.

கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு உறவு கணிக்கும் இம்முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலமும் பெரியம்மைக்கும் சின்னம்மைக்கும் ஒரே சொல்லைப் பொதுவாக வைத்துக்கொண்டது. அவை இரண்டும் வேறு நோய்கள் என்பதை 1767ஆம் ஆண்டில் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது. வைரஸ் என்னும் பொருள் அறியப்பட்ட பின்னரும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அறிவியலாளர்கள் இவ்வழக்கத்தையே பின்பற்றினர். எந்த உயிரை எந்த வைரஸ் பற்றுகிறதோ அந்த உயிரின் பெயராலும், அது உண்டாக்கும் நோயின் பெயராலும் வைரஸ்கள் அடையாளம் பெற்றன. வைரஸ் தான் பற்றிக்கொண்டு பெருகுவதற்கு இடமளிக்கும் உயிரினமே ஓம்புயிரி எனப்படுகிறது. ஓம்புயிரியைக் கொண்டு வைரஸை வகுக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கைவிடப்பட்டது, கைவிடப்பட்ட பின்னும் எவ்வாறு வேறு வாயில் வழியே திரும்பி வந்தது என்பதே டி.என்.ஏ. வைரஸ்களின் வகைப்பாட்டு வரலாறு.

வைரஸ் ஆய்வின் முதற்கட்டத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியின் ஊடே கடந்து சென்ற பின்னும் நோயை உண்டாக்கும் சாறு எதுவோ, அதுவே அன்று வைரஸ் எனப்பட்டது. 1896ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில் ஆய்வுக்கூட முயல்கள் கட்டிகள் தோன்றி மடிந்தபோது, அந்நோயின் காரணி நுண்ணோக்கிக்குப் புலப்படாத ஒன்று என்று ஜியுசெப்பே சனரெல்லி 1898இல் அறிவித்தார். இன்று பாக்ஸ் குடும்பத்தில் வைக்கப்படும் மிக்சோமா வைரஸ் அதுவே. மனிதரின் மருக்களும் வடிகட்டியைக் கடக்கும் பொருளால் தொற்றுவதை இத்தாலியரான ஜியுசெப்பே சியுஃபோ 1907இல் நிறுவினார். 1915இல் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும் 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல்லும் பாக்டீரியாவையே அழிக்கும் வைரஸ்களை, அதாவது பாக்டீரியோபேஜ்களை, கண்டறிந்தனர். இவற்றின் வடிவமோ உட்பொருளோ தெரியாத நிலையில், எதைத் தாக்குகிறது என்பது ஒன்றே பதிவு செய்யத்தக்க உறுதியான செய்தியாக இருந்தது. அதனால்தான் 1927இல் ஜேம்ஸ் ஜான்சன் தாவர வைரஸ்களுக்கு ஓம்புயிரியின் பெயரோடு எண்ணைச் சேர்த்து ‘புகையிலை வைரஸ் 1’ என்பது போலப் பெயரிடும் முறையை முன்வைத்தார். பத்தாண்டு கழித்து கென்னத் ஸ்மித் அதே முறையை இலத்தீன் பேரினப் பெயர்களைக் கொண்டு செப்பம் செய்தார்.

இவ்வழக்கத்தின் உச்சம் 1948இல் வந்தது. பாக்டீரியா வகைப்பாட்டுக்கு ஆதாரநூலாக விளங்கிய பெர்கியின் கையேட்டின் ஆறாம் பதிப்பில் ஃபிரான்சிஸ் ஹோம்ஸ் வைரஸ்கள் அனைத்தையும் ‘வைரேல்ஸ்’ என்னும் ஒரே வரிசையில் அடக்கி, பாக்டீரியாவைப் பற்றுபவை, தாவரங்களைப் பற்றுபவை, விலங்குகளைப் பற்றுபவை என மூன்று துணை வரிசைகளாகப் பிரித்தார். வைரஸியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. ஆயினும் ஹோம்ஸின் பிரிவினை அன்றைய ஆய்வுலகின் பிரிவினையை அப்படியே காட்டியது என்பதை மறுக்க இயலாது. தாவர நோயியலார் வேளாண் கல்லூரிகளிலும், கால்நடை மருத்துவர் தம் நிலையங்களிலும், பாக்டீரியோபேஜ் ஆய்வாளர் வேதியியல், இயற்பியல் கூடங்களிலும் ஒருவர் பணியை மற்றவர் பெரிதும் அறியாமல் உழைத்துவந்தனர். வைரஸ்களைப் பிரித்த வேலி ஆய்வாளர்களையும் பிரித்திருந்தது. முட்டைக்கோசின் நோயும் குழந்தையின் நோயும் ஒரே தன்மையுடைய பொருளால் வரக்கூடும் என்று சொல்ல அன்று நிறுவனமும் இல்லை, பொதுமொழியும் இல்லை.

வேலியை உடைத்தவை வேதியியலும் மின்னணு நுண்ணோக்கியும் ஆகும். பாக்டீரியோபேஜில் புரதத்தோடு டி.என்.ஏ.வும் பெருமளவில் உண்டு என்பதை மாக்ஸ் ஷ்லெசிங்கர் 1930களின் நடுவில் காட்டினார், அந்த டி.என்.ஏ.வே பாக்டீரியாவினுள் புகுந்து புதிய வைரஸ்களைத் தோற்றுவிக்கிறது என்பதை 1952இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் சோதனையால் நிறுவினர். ஜெர்மனியில் ஹெல்முட் ருஸ்கா 1943இலேயே நுண்ணோக்கியில் கண்ட வடிவங்களைக் கொண்டு வைரஸ்களை வரிசைப்படுத்த முயன்றார் எனினும், போர்க்காலத்தில் அம்முயற்சி கவனம் பெறவில்லை. 1959இல் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹார்னும் வைரஸ் துகளைச் சுற்றிக் கன உலோக உப்பைப் படியவைத்து, கருமையான பின்புலத்தில் துகளின் மேற்பரப்பு வெளிச்சமாகத் தெரியுமாறு செய்யும் எளிய முறையைச் செம்மைப்படுத்தினர். குழந்தைகளின் தொண்டைச் சதையிலிருந்து 1953இல் கண்டெடுக்கப்பட்ட அடினோ வைரஸ், இருபது முக்கோண முகங்களும் 252 கட்டுக்கூறுகளும் கொண்ட பளிங்குத் திண்மம் போல அப்படங்களில் வெளிப்பட்டது. நோயின் நிழலாக மட்டும் அறியப்பட்டிருந்த பொருளுக்கு அன்றுதான் உருவம் கிடைத்தது.

இந்த அறிவைத் திரட்டி 1962இல் ஆந்திரே லுவோஃப், ராபர்ட் ஹார்ன், பால் தூர்னியே ஆகிய மூவர் புதிய வகைப்பாட்டை முன்வைத்தனர். ஒரு வைரஸைக் கையில் எடுத்தவுடன் அதனிடம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு என்றனர்: அதன் நியூக்ளிக் அமிலம் டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா, அதன் புரத உறை சுருள்படிக்கட்டு அமைப்புடையதா பன்முகத் திண்ம அமைப்புடையதா, அவ்வுறைக்கு மேல் கொழுப்புச் சவ்வு உண்டா இல்லையா, உறையின் கட்டுக்கூறுகள் எத்தனை. ஓம்புயிரியைப் பற்றிய வினாவே இப்பட்டியலில் இல்லை. டி.என்.ஏ. வைரஸ்கள் ‘டியோக்சிவைரா’ என்ற பெயரில் தனிப் பெரும்பிரிவாக நின்றது இத்திட்டத்தில்தான். எந்தப் பண்பை முதலில் வைப்பது என்பதற்கு இயற்கையில் ஆதாரம் இல்லை என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நேர்மையானதே. 1966இல் மாஸ்கோவில் கூடிய நுண்ணுயிரியல் மாநாட்டில் அமைக்கப்பட்ட பன்னாட்டுக் குழு (இன்று வைரஸ் வகைப்பாட்டுக்கான பன்னாட்டுக் குழு என வழங்குவது) மூவரின் படிநிலைகளை அப்படியே ஏற்காமல், பல பண்புகளைச் சேர்த்து எடைபோட்டுக் குடும்பம், பேரினம் ஆகியவற்றை வகுக்கும் வழியைத் தேர்ந்துகொண்டது. ஆயினும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் முதற்பிளவு பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

உருவத்தை மட்டும் நம்பினால் நேரும் பிழைக்குப் பாப்போவா வைரஸ் சான்று. மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா, எலிகளில் கட்டிகளை உண்டாக்கும் பாலியோமா, குரங்கின் செல்களில் வெற்றிடங்களைத் தோற்றுவிக்கும் எஸ்.வி.40 ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ஜோசஃப் மெல்னிக் 1962இல் அப்பெயரை அமைத்தார். வளையமாக மூடிய இரட்டை இழை டி.என்.ஏ., சவ்வற்ற உறை, செல்லின் உட்கருவில் பெருகும் இயல்பு ஆகியவை பொதுவாக இருந்தமையால் அவை ஒரே குடும்பமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. மரபணுக்களின் வரிசை முழுமையாகப் படிக்கப்பட்டபோது, பாப்பிலோமாவில் மரபணுக்கள் அனைத்தும் ஒரே திசையில் வாசிக்கப்படுவதும், பாலியோமாவில் அவை எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து வாசிக்கப்படுவதும் தெரியவந்து, நூற்றாண்டின் இறுதியில் அக்குடும்பம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

தாவரங்களைப் பொறுத்தவரை வழக்கம் இன்னும் பெரிய தடையாக நின்றது. தாவர வைரஸ்கள் எல்லாம் ஆர்.என்.ஏ.வைக் கொண்டவை என்பது நெடுநாள் நம்பிக்கையாக இருந்தது. 1968இல் ராபர்ட் ஷெப்பர்டும் உடன் உழைத்தோரும் காலிஃபிளவர் தேமல் வைரஸில் இரட்டை இழை டி.என்.ஏ. இருப்பதைக் காட்டிய பின்னரே அந்நம்பிக்கை தளர்ந்தது. 1977இல், இரண்டு துகள்கள் ஒட்டிப் பிறந்தாற்போல் இணைந்த வடிவமுடைய ஜெமினி வைரஸ்கள் ஒற்றை இழை டி.என்.ஏ.வைக் கொண்டவை என்பது வெளிப்பட்டது. இக்கூட்டத்துள் வெள்ளை ஈக்களால் பரவுபவையே வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலையும், தக்காளியின் இலைச்சுருளையும், மரவள்ளியின் தேமலையும் உண்டாக்குகின்றன. இவற்றுள் மரவள்ளியின் வரலாறு வகைப்பாட்டாளர்க்கு மிகுந்த பாடம் தருவது. மரவள்ளி தென்னமெரிக்காவின் பயிர். ஆனால் அதன் தாயகத்தில் இந்தத் தேமல் நோய் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1894இல் ஓட்டோ வார்பர்க் அந்நோயை முதலில் விவரித்தார். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் காட்டுச் செடிகளில் முன்பே இருந்த வைரஸ்கள், கப்பலில் வந்திறங்கிய புதிய பயிருக்குத் தாவின என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அதாவது ‘மரவள்ளி வைரஸ்’ என்னும் பெயர் அதன் பிறப்பைச் சொல்லவில்லை, அண்மைக்காலக் குடியேற்றத்தைச் சொல்கிறது. ‘இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்’ எனப் பெயர்பெற்ற சிற்றினமும் அவ்வாறே: அது தமிழ்நாட்டு, கேரளத் தோட்டங்களிலும் காணப்படுவது, 2015இல் கம்போடியாவிலும் கண்டறியப்பட்டு, நடவுக் குச்சிகள் வழியாகவும் வெள்ளை ஈக்கள் வழியாகவும் தென்கிழக்கு ஆசியாவின் மரவள்ளி வயல்களுக்குப் பரவியது.

1971இல் டேவிட் பால்டிமோர் வேறொரு வினாவை எழுப்பினார். வைரஸ் எத்தகைய மரபுப்பொருளைக் கொண்டிருந்தாலும், ஓம்புயிரியின் செல்லில் புரதம் செய்விக்க வேண்டுமானால் தூது ஆர்.என்.ஏ.வை உண்டாக்கியே தீர வேண்டும். ஆகவே அந்தத் தூதை அது எந்த வழியில் அடைகிறது என்பதைக் கொண்டே வைரஸ்களை வகுக்கலாம் என்றார். இரட்டை இழை டி.என்.ஏ. கொண்டவை முதல் வகுப்பிலும் ஒற்றை இழை டி.என்.ஏ. கொண்டவை இரண்டாம் வகுப்பிலும் அமைந்தன; எஞ்சிய நான்கும் ஆர்.என்.ஏ.வுக்கு உரியவை. எளிமையும் ஆழமும் ஒருங்கே வாய்த்த இத்திட்டம் வைரஸியல் கண்ட திட்டங்களில் மிகச் சிறந்தது என்று துணிந்து கூறலாம். ஏனெனில் வைரஸை அது செய்யும் வேலையைக் கொண்டு அறிய முற்பட்ட முதல் முயற்சி அதுவே.

எனினும் அத்திட்டத்துக்கு ஏழாம் வகுப்பு ஒன்றைச் சேர்க்கும் நிலையை மஞ்சட்காமாலையின் காரணி ஒன்று உண்டாக்கியது. 1965இல் பாரூக் புளூம்பெர்க் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்ட புரதம், கல்லீரல் அழற்சி பி வைரஸின் உறைப்பகுதி என்று பின்னர் தெரிந்தது. டி.என்.ஏ.வைக் கொண்ட அந்த வைரஸ் மனிதரையும் சில குரங்கினங்களையும் தவிர வேறெந்த விலங்கையும் எளிதில் பற்றாது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவும் இணங்கவில்லை. தரை அணில்களின் நெருங்கிய உறவான வட அமெரிக்க மார்மட்டிலும் வாத்திலும் அதன் உறவு வைரஸ்கள் கண்டறியப்பட்ட பிறகே ஆய்வு நகர்ந்தது. வாத்தின் வைரஸை ஆராய்ந்த ஜெஸ்ஸி சம்மர்ஸும் வில்லியம் மேசனும், அது தன் டி.என்.ஏ.வை நேரே நகலெடுக்காமல், முதலில் ஆர்.என்.ஏ.வாக எழுதி அதிலிருந்து மீண்டும் டி.என்.ஏ.வை உண்டாக்குகிறது என்பதை 1982இல் வெளியிட்டனர். காலிஃபிளவரின் வைரஸும் இதே வழியைக் கையாளுவது தெரியவந்தது. காமாலைக்குத் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டுக் கொடுக்கப்பட்டு வரும் கீழாநெல்லியின் சாறு மார்மட்டின் வைரஸின் மேலும் சோதிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் புளூம்பெர்க்கும் பிறரும் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து உண்டவர்களில் 59 விழுக்காட்டினரின் குருதியிலிருந்து வைரஸ் புரதம் மறைந்ததாக அது அறிவித்தது. பிற இடங்களில் நடந்த பின்னாள் ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. முடிவு எதுவாயினும், ஓம்புயிரி வேறானாலும் வைரஸ் உறவு உறவே என்னும் வகைப்பாட்டு அறிவின்றி அந்தச் சோதனையைத் தொடங்கியிருக்கவே இயலாது. வாத்தும் மார்மட்டும் மனிதரும் ஒரே வரிசையில் நிற்கும் அந்தத் தொகுதிக்கு இன்று புளூம்பெர்க்கின் நினைவாகப் ‘புளூபர்வைரேல்ஸ்’ என்று பெயர்.

ஓம்புயிரியை வகைப்பாட்டிலிருந்து முற்றாக விலக்கியதும் மிகையே என்பதை ஹெர்பீஸ் குடும்பம் காட்டியது. ஹெர்பீஸ் வைரஸ்கள் பெரும்பாலும் தத்தம் ஓம்புயிரியோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒட்டி வாழ்ந்து, அந்த உயிரினம் பிரியும்போது தாமும் பிரிந்தவை. ஆதலால் பாலூட்டிகளின் உறவுமரமும் அவற்றைப் பற்றும் ஹெர்பீஸ் வைரஸ்களின் உறவுமரமும் பல கிளைகளில் ஒத்துப்போகின்றன. யானைக் கன்றுகளைச் சில நாள்களில் கொல்லும் ஹெர்பீஸ் வைரஸ் 1990களில் அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளில் அடையாளம் காணப்பட்டபோது, அது வேறெங்கோ இருந்து வந்தது என்று முதலில் ஐயுற்றனர். அது யானைகளுக்கே தொன்றுதொட்டு உரியது என்பது பின்னர் தெளிந்தது, தென்னிந்தியக் காட்டு யானைகளிடமும் அதனால் நேர்ந்த இறப்புகள் பதிவாயின. பார்வோ வைரஸ்களோ இதற்கு நேர்மாறானவை. 1978இல் உலகெங்கும் நாய்களைக் கொன்ற பார்வோ வைரஸ், பூனையினத்தைப் பற்றிவந்த வைரஸ் ஒன்றின் உறையில் நேர்ந்த சில மாற்றங்களால் தோன்றியது. ஒரு குடும்பம் ஓம்புயிரியை விடாமல் பற்றி நிற்கிறது, மற்றொன்று வாய்ப்பு நேர்ந்தால் தாவுகிறது. பெயரில் நிற்கும் ஓம்புயிரியும் எப்போதும் உண்மையான ஓம்புயிரியன்று. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடக் குரங்குகளில் காணப்பட்டமையால் குரங்கம்மை எனப் பெயர்பெற்ற வைரஸ் காட்டில் பெரும்பாலும் கொறிவிலங்குகளிடமே உறைகிறது. பசுவின் பெயரைத் தாங்கிய தடுப்பூசி வைரஸான வாக்சினியாவும் அத்தகையதே: அது பசுவம்மை வைரஸிலிருந்து வேறுபட்டது என்பதை ஆலன் டவுனி 1939இல் காட்டினார், 1902ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடுப்பூசிக் குப்பி ஒன்றின் மரபுத்தொகுதி 2017இல் படிக்கப்பட்டபோது அது குதிரையம்மை வைரஸையே மிகவும் ஒத்திருந்தது.

வைரஸின் உறைப் புரதம் எவ்வாறு மடிந்திருக்கிறது என்பதை அணு அளவில் காண முடிந்தபோது, ஹோம்ஸ் எழுப்பிய மூன்று மதில்களும் இடிந்தன. பாக்டீரியாவைப் பற்றும் பி.ஆர்.டி.1 என்னும் வைரஸின் உறைப்புரதமும் மனித அடினோ வைரஸின் உறைப்புரதமும் ஒரே மடிப்பைக் கொண்டவை என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. வாலுடைய பாக்டீரியோபேஜ்களின் புரத மடிப்பு ஹெர்பீஸ் வைரஸின் உறையிலும் உண்டு என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிந்தது. 2001இல் லட்சுமிநாராயண் ஐயரும் எல். அரவிந்தும் யூஜின் கூனினும், பெரியம்மையின் பாக்ஸ் குடும்பம், பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கக் காய்ச்சலின் குடும்பம், பூச்சிகளையும் மீன்களையும் பற்றும் இரிடோ குடும்பம், பாசிகளைப் பற்றும் குடும்பம் ஆகிய நான்கும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று மரபணுக்களைக் கொண்டு காட்டினர். இரண்டே ஆண்டுகளில், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரக் குளிர்விப்புக் கோபுரத்து நீரில் எடுக்கப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் பாக்டீரியா என்றே கருதப்பட்ட மிமி வைரஸும் அதே கூட்டத்தோடு சேர்ந்தது.

இவற்றை எல்லாம் ஏற்றுப் பன்னாட்டுக் குழு 2020இல் டி.என்.ஏ. வைரஸ்களுக்கு மூன்று பெரும்புலங்களை அறிவித்தது. வாலுடைய பேஜ்களும் ஹெர்பீஸும் ஒரு புலம்; அடினோ, பாக்ஸ், மிமி ஆகியவை இன்னொரு புலம்; ஜெமினி, பார்வோ முதலிய ஒற்றை இழையினரும், இரட்டை இழையுடையவை ஆயினும் பெருகும் முறையால் அவற்றோடு உறவுடைய பாப்பிலோமா, பாலியோமா குடும்பங்களும் மூன்றாம் புலம். கல்லீரல் அழற்சி பி வைரஸும் காலிஃபிளவர் வைரஸும் டி.என்.ஏ.வைத் தாங்கியவை எனினும், டி.என்.ஏ.வை மீட்டெழுதும் நொதியின் உறவால் ஆர்.என்.ஏ. வைரஸ்களின் புலத்தில் வைக்கப்பட்டன. ஆக, ‘டி.என்.ஏ. வைரஸ்’ என்பது ஒரு குலத்தின் பெயரன்று. தனித்தனியே தோன்றிய பல குலங்கள் தங்கியிருக்கும் தெருவின் பெயர். அத்தெருவில் 1,800 எழுத்துகளுக்கும் குறைவான மரபுத்தொகுதியுடைய பன்றிச் சர்க்கோ வைரஸும், ஏறத்தாழ 25 இலட்சம் எழுத்துகளை உடைய பாண்டோரா வைரஸும் ஒருங்கே வாழ்கின்றன.

இதே காலத்தில் ஓம்புயிரி முற்றிலும் அறியப்படாத வைரஸ்களும் வகைப்பாட்டில் இடம்பெறத் தொடங்கின. மனிதக் குடலின் டி.என்.ஏ. வரிசைகளைக் கணினியில் கோத்தபோது 2014இல் வெளிப்பட்ட கிராஸ்பேஜ், எந்தப் பாக்டீரியாவைப் பற்றுகிறது என்பது உறுதியாகும் முன்னரே உலகின் பெரும்பாலோர் குடலில் இருப்பது அறியப்பட்டது. 2018இல்தான் அதன் உறவு வைரஸ் ஒன்று பாக்டீராய்டஸ் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்க்கப்பட்டது. எழுத்து வரிசை மட்டும் கிடைத்தாலும் வைரஸை வகைப்படுத்தலாம் என்று குழு ஏற்றது சரியான முடிவே. ஆனால் ஓம்புயிரியைப் பின்னர் தேடிப் பதிவுசெய்யும் பொறுப்பை அது ஆய்வாளரிடமிருந்து நீக்கிவிடவில்லை. தாவும் வைரஸை அதன் எழுத்து வரிசையால் மட்டும் தடுத்து நிறுத்த முடியாது.

2021 முதல் வைரஸ் சிற்றினங்களுக்குத் தாவர, விலங்குகளைப் போலவே இருசொற்பெயர் சூட்டும் விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி உதட்டுக் கொப்புளத்தின் ஹெர்பீஸ் வைரஸ், மனிதன் என்னும் சொல்லைத் தன் பெயரின் இரண்டாம் பகுதியில் தாங்கி நிற்கிறது. பெரியம்மை வைரஸின் பெயர் ‘ஆர்த்தோபாக்ஸ்வைரஸ் வேரியோலா’ ஆயிற்று. அந்த வைரஸுக்கு மனிதரைத் தவிர வேறு ஓம்புயிரி இல்லை; அதனாலேயே தடுப்பூசியால் அதை ஒழிக்க முடிந்தது. இந்தியாவில் 1975இலும் உலகில் 1977இலும் அதன் இயற்கைத் தொற்று முடிவுக்கு வந்தது. இன்று அது எந்த உயிரிடமும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரண்டு ஆய்வுக்கூடங்களின் உறைபெட்டிகளில் மட்டுமே இருக்கிறது.